பத்தடி அறையும் இரண்டு ஸ்பீக்கரும்

வைகாசிச் சடங்கு நேரம். கோயில் வீதியில் அரசமரத்தில் கட்டியிருந்த கூம்பு ஸ்பீக்கரில் எங்கட பாட்டுப் போனது. எங்கட எண்டு சொல்றது பிழை. பாடினது அண்ணாவியார். மத்தளம் அடிச்சதும் அவர்தான். நாங்கள் மூன்று பேரும் அதைப் பதிவு செய்து, மிக்ஸ் பண்ணி, பென்டிரைவில் போட்டுக் கொடுத்தோம். அவ்வளவுதான் எங்கட பங்கு. ஆனாலும் ஊரே கேட்கப்போகுது எண்ட புளுகத்தில் மாலை 4 மணிக்கே போய் மரத்தடியில் நிண்டோம்.

அண்ணாவியாருக்கு வயது 78. வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கம், நாலைந்து ஊர்ப் பிள்ளைகளுக்கு வடமோடிக் கூத்துப் பழக்கினவர். எங்களில் ஒருத்திக்கு அவர் அம்மப்பா. மற்ற இரண்டு பேருக்கும் சின்ன வயதில் கூத்துக்குச் சதங்கை கட்டிவிட்டவர். இப்ப முழங்கால் ஏலாது, களரிக்கு வாறதில்லை. மத்தளத்தை மடியில் வைச்சு ஒரு மணித்தியாலம் அடிச்சாலே தோள் நோகும் எண்டுவார். அதுதான் காலம் போறதுக்குள்ள பதிந்து வைப்போம் எண்டு நாங்கள் அவசரப்பட்டோம்.

இரண்டு பாட்டுப் போய் முடிந்தது. கதிரையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தவர் எங்களைக் கூப்பிட்டார். கோபம் ஒண்டும் இல்லை. மெதுவாகத்தான் கேட்டார்:

"என்ட குரல் கிடக்கு. என்ட கை எங்க மனே?"

உண்மைதான். மத்தளம் இல்லை. சல்லரி கிணுகிணுவெண்டு கேட்குது, குரல் கேட்குது, பின்பாட்டுக் கேட்குது. மத்தளம் இருக்க வேண்டிய இடத்தில் யாரோ தூரத்தில் பலகையில் தட்டுற மாதிரி ஒரு சத்தம். அறுபது வருசமாக அடிச்ச கையை நாங்கள் மூன்று கிழமை மிக்ஸ் பண்ணித் தொலைச்சிருக்கிறோம்.

இந்தக் கட்டுரை ஸ்பீக்கர் வாங்கின கதை. ஆனால் அந்தக் கேள்வியிலிருந்துதான் அது தொடங்கினது எண்டதால் அதை முதலில் சொல்ல வேண்டியிருக்கு.

எங்கட அறை, ஒரு காலத்தில் நெல்லு மூட்டை அடுக்கின அறை. பத்தடி நீளம், பத்தடி அகலம், சீமெந்துக் கல்லுச் சுவர், மேலே சீற். மூட்டைகளை விறாந்தைக்கு இழுத்து விட்டுட்டு, ஒரு மேசை, பழைய லப்டொப், இரண்டு மைக் குத்தக்கூடிய ஒரு இன்டர்பேஸ், இவ்வளவோடு "ஸ்டூடியோ" எண்டு பேர் வைச்சுக்கொண்டோம். கேட்கிறதுக்கு இருந்தது வீட்டு டிவியோடு வந்த ஒரு ஹோம் தியேட்டர் செட். கீழே ஒரு சப்வூபர், மேலே இரண்டு சின்னப் பெட்டி. படம் பார்க்க அருமையான சாமான். அதில்தான் அண்ணாவியாரின் மத்தளத்தை மிக்ஸ் பண்ணினோம்.

அண்டு இரவு நாங்கள் எடுத்த முடிவு: பிழை ஸ்பீக்கரில்தான். நல்ல மொனிட்டர் ஸ்பீக்கர் வாங்கினால் எல்லாம் சரிவரும். இந்த முடிவில் பாதி சரி. மற்றப் பாதி எவ்வளவு பிழை எண்டது காசு செலவழிச்ச பிறகுதான் விளங்கினது.

மொனிட்டர் எண்டால் என்ன? கடையில் விக்கிற சாதாரண ஸ்பீக்கர், பாட்டை இனிமையாக்கிக் கொடுக்கும். பேஸைக் கொஞ்சம் தூக்கும், மேல் சத்தத்தைக் கொஞ்சம் மினுக்கும். கேட்கிறவருக்கு அது சந்தோசம். மிக்ஸ் பண்ணுறவருக்கு அது ஆபத்து. ஸ்பீக்கர் தானே பேஸைத் தூக்கிக் காட்டினால், "பேஸ் கூடிட்டுது" எண்டு நாங்கள் பாட்டில் குறைப்போம். அந்தப் பாட்டு வேறொரு ஸ்பீக்கருக்குப் போகேக்க அங்கே பேஸ் இருக்காது. மொனிட்டர் செய்ய வேண்டிய வேலை, பதிவில் என்ன இருக்கோ அதை அலங்காரம் இல்லாமல் சொல்றது. பாடும் மீனைக் கேட்க, துடுப்பைத் தண்ணிக்குள்ள விட்டு மற்ற நுனியில் காதை வைப்பாங்கள் எண்டு எங்கட ஊரில் சொல்லுவினம். துடுப்புத் தான் பாடக் கூடாது. அவ்வளவுதான் விசயம்.

இதுக்கு உதாரணமாக எல்லாரும் சொல்ற கதை யமஹா என்எஸ் 10. 1978 இல் வீட்டுப் பாவனைக்கெண்டு வந்த ஸ்பீக்கர். வெள்ளை நிற வூபர். வீடுகளில் அது பெரிசாக எடுபடவில்லை. ஆனால் ஒலிப்பதிவுக்காரர் அதைத் தூக்கிக்கொண்டு போய் ஸ்டூடியோ மேசைகளில் வைச்சினம். கேட்க இனிமையில்லாமல், நடுச் சத்தங்களை முகத்துக்கு நேரே காட்டினதுதான் காரணம். அதில் நல்லாக் கேட்டால் மற்ற இடத்திலும் நல்லாக் கேட்கும் எண்ட நம்பிக்கை வந்தது. 2001 இல் அதன் கூம்புக்குத் தேவையான காகிதக் கூழ் கிடைக்காமல் உற்பத்தியை நிப்பாட்டிட்டாங்கள். இண்டைக்கும் பழைய ஸ்டூடியோப் படங்களில் அந்த வெள்ளை வட்டத்தைக் காணலாம்.

சரி, காசு? முதலில் ஆசைப்பட்டது 2021 இல். அப்ப டொலர் 200 ரூபாவை ஒட்டி. கொஞ்சம் சேர்ப்போம் எண்டு இருக்க, 2022 மார்ச்சில் ரூபா விழத் தொடங்கினது. சில கிழமைக்குள்ள டொலர் 300 ஐத் தாண்டினது. அந்த மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. ஸ்பீக்கரைப் பற்றி யார் கதைக்கிறது? பெற்றோல் வரிசையில் நிண்ட த்ரீவீலுக்குள்ள இருந்து ஹெட்போனில் பாட்டுக் கேட்டதுதான் அந்த வருச இசைச் சேவை. எல்லாம் கொஞ்சம் அடங்கின பிறகு எங்களில் ஒருத்தியின் அம்மா பிடிச்ச சீட்டில் நாங்களும் சேர்ந்தோம். 15 பேர், மாசம் 10,000 ரூபா. எங்கட முறை வரேக்க 150,000. மூன்று பேரும் பிரிச்சுக் கட்டினோம். எங்களில் ஒருத்தன் த்ரீவீலுக்கு டயர் மாத்துறதைத் தள்ளிப் போட்டான். மற்றவர் ரியூசன் இரண்டு கூட எடுத்தார். இதைச் சொல்றது பெருமைக்கு இல்லை. இந்தக் காசில் பிழை விட ஏலாது எண்ட பயம் எவ்வளவு இருந்தது எண்டு விளங்கத்தான்.

பயத்தில் முதலில் பழைய சாமான் தேடினோம். ஒருவர் அரை விலைக்கு ஒரு சோடி தாறன் எண்டார். போய்ப் பார்த்தால் ஒரு ட்வீட்டர் உள்ளே அமுங்கியிருக்கு. "அது சும்மா பிள்ளைகள் விரலால தள்ளினது, சத்தத்துக்கு ஒண்டும் இல்லை" எண்டார். ஒற்றைக் குரல் பாட்டு ஒண்டைப் போட்டுக் கேட்டோம். குரல் நடுவில் நிற்க வேணும். அது இடப்பக்கம் சாய்ந்து நிண்டது. கும்பிட்டுப்போட்டு வந்திட்டோம். பழசு வாங்கிறதில் பிழையில்லை. ஆனால் இரண்டும் ஒரே மாதிரிக் கத்துதா எண்டு பார்க்காமல் காசைக் கொடுக்காதீங்க. அதுக்கு நடுவில் நிற்கிற ஒரு குரல் போதும்.

பிறகு கொழும்புக்கு இரவுக் கோச்சி. பென்டிரைவில் மூன்று சாமான்: சின்ன வயதிலிருந்து நூறு தரம் கேட்டு மனப்பாடமான ஒரு படப்பாட்டு, ஒரு பைலா, அண்ணாவியாரின் மிக்ஸ் பண்ணாத பதிவு. மூன்றும் முழுத் தரத்தில். வட்ஸ்அப்பில் வந்த பாட்டை வைச்சு ஸ்பீக்கர் சோதிக்கிறது, மங்கின கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சீலை நிறம் பார்க்கிற மாதிரி.

எங்கட காசுக்குள்ள வாற, ஊரில் எல்லாரும் கதைக்கிற மூன்று பேர்: யமஹா எச்எஸ் 5, ஜேபிஎல் 305பி, கேஆர்கே ரொக்கிட் 5. மூன்றுக்கும் வூபர் ஐந்து அங்குலம். மூன்றும் உள்ளேயே அம்ப்ளிபயர் வைச்சது, தனியாக அம்ப் தேவையில்லை. எங்களில் ஒருத்தனுக்குக் கண் போனது பக்கத்தில் இருந்த எட்டு அங்குலத்தில். நெஞ்சு அதிருது எண்டான். கடை மண்டபம் பெரிசு, தரையில் கம்பளம், அங்கே அது அழகு. பத்தடி அறையில் அந்தப் பேஸ் போக இடமில்லாமல் சுவரில் முட்டி முட்டித் திரும்பும். ஐந்து அங்குலம் ஏறக்குறைய 50, 60 ஹேர்ட்ஸுக்குக் கீழே பெரிசாக இறங்காதுதான். எச்எஸ் 5 இன் கீழ் எல்லையைக் கம்பனியே 54 ஹேர்ட்ஸ் எண்டுதான் போடுது. சின்ன அறைக்கு அது குறை இல்லை, காவல்.

இரண்டாவது பார்த்தது காத்து விடுற துளை. எச்எஸ் 5 க்கும் 305பிக்கும் அது பின்னால், ரொக்கிட்டுக்கு முன்னால். பின்துளை ஸ்பீக்கரைச் சுவரோடு ஒட்டி வைச்சால் பேஸ் வீங்கும். முன்துளைக்கு அந்தத் தொல்லை குறைவு, ஆனால் இல்லையெண்டு இல்லை. எந்தப் பெட்டியையும் சுவரோடு ஒட்டினால் கீழ் சத்தம் கூடத்தான் செய்யும். மூன்றாவது, பின்பக்கத்து ஆழிகள். எச்எஸ் 5 இல் ரூம் கொன்ட்ரோல் எண்டு ஒண்டு இருக்கு. கீழ் சத்தத்தை 2 அல்லது 4 டெசிபல் குறைக்கலாம். 305பியிலும் சுவருக்குக் கிட்ட வைக்கிறவைக்கு அப்பிடி ஒரு ஆழி உண்டு. ரொக்கிட்டில் சின்னத் திரையே வைச்சிருக்கிறாங்கள்.

கடைக்காரத் தம்பி நல்ல பொடியன். மாத்தி மாத்திப் போட்டுக் காட்டினார். ஒரு விசயம் கவனிச்சோம்: எது சத்தம் கூடவோ அதுதான் நல்லது போலத் தெரியும். காது அப்பிடித்தான். அதனால் மூன்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவரச் சொல்லிப்போட்டுத் திரும்பக் கேட்டோம். அப்ப வித்தியாசம் வேறு மாதிரி இருந்தது. அண்ணாவியார் பாட்டு ஒண்டின் நடுவில் மூச்சு வாங்கிற இடம் இருக்கு. எச்எஸ் 5 இல் அந்த மூச்சு முகத்துக்கு முன்னால் கேட்டது. கேட்க இனிமை எண்டு சொல்ல ஏலாது. ஆனால் ஒளிக்கவில்லை. அதையே எடுத்தோம். மற்ற இரண்டும் கூடாது எண்டு இல்லை. வேறு அறை, வேறு காது, வேறு பாட்டெண்டால் முடிவு மாறியிருக்கும். சோடியும் கேபிளும் வாங்கி முடிய சீட்டுக் காசில் மிஞ்சினது 4,000 ரூபா.

கேபிளில் ஒரு பிழை விட்டோம். கிற்றாருக்குக் குத்துற, முனையில் ஒரு கறுப்பு வளையம் உள்ள கேபிள் மலிவு எண்டு அதை வாங்கினோம். மின்விசிறி போட்டால் ஸ்பீக்கரில் 'ங்ங்ங்' எண்டு ஒரு இரைச்சல். இரண்டு வளையம் உள்ள கேபிளுக்கு மாத்தின பிறகுதான் அது அடங்கினது. அதுக்குள்ள இரண்டு இணைப்புக் கம்பி, ஒரு நிலக்கம்பி. வழியில் ஏறுற இரைச்சலை ஒண்டோடு ஒண்டு கழிச்சு விடும். மிஞ்சின 4,000 அதோடு சரி.

இனித்தான் கதை. புது ஸ்பீக்கரை மேசையில் வைச்சோம். அறையின் நடுவில் கதிரையைப் போட்டோம். பழைய மிக்ஸைத் தூக்கி எறிஞ்சுபோட்டுப் புதுசாகத் தொடங்கினோம். ஒரு கிழமை. மத்தளம் இப்ப தெளிவு. ஆனால் இடப்பக்கத்துத் 'தொம்' ஒரே வீக்கமாக இருந்தது. குறைச்சோம். பிறகும் குறைச்சோம். சரி எண்டு போனில் போட்டுக் கேட்டால், த்ரீவீலில் போட்டுக் கேட்டால், திரும்பவும் அதே கதை. கை இல்லை.

அண்டைக்கு இரவு நாங்கள் மூன்று பேரும் கதைக்கவில்லை. 150,000 ரூபாவைக் கண்ணுக்கு முன்னால் வைச்சுப் பார்த்துக்கொண்டு இருந்தோம். அப்பிடியே ஒருத்தி எழும்பித் தண்ணி குடிக்கப் போனாள். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கதவடியில் நிண்டு, "இஞ்ச வாங்க, இஞ்ச நிண்டு கேளுங்க" எண்டாள். கதவுக்குக் கிட்ட மத்தளம் வேறு. நடுவில் ஒண்டு, சுவரோடு ஒண்டு, நடுவுக்கும் சுவருக்கும் இடையில் ஒரு இடத்தில் 'தொம்' காணாமலே போகுது. ஒரே பாட்டு, ஒரே ஸ்பீக்கர், நாலு மத்தளம்.

கணக்குப் பார்த்தோம். சத்தம் எங்கட வெக்கையில் ஒரு செக்கனுக்கு ஏறக்குறைய 349 மீற்றர் போகும். பத்தடி எண்டது 3.05 மீற்றர். இரண்டு சுவருக்கு நடுவில் போய்த் திரும்பி வர 6.1 மீற்றர். பிரிச்சால் 57 ஹேர்ட்ஸ். அந்தச் சத்தமும் அதன் இரட்டிப்பான 114 உம் இந்த அறைக்குள் தாமாகவே வீங்கும். நடு அறையில் 57 செத்துப் போகும், 114 உச்சத்தில் நிற்கும். எங்கட அறை நீளமும் அகலமும் ஒண்டு எண்டதால் அது இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே இடத்தில் வந்து குவியும். லப்டொப்பில் பதிவைப் பிரிச்சுப் பார்த்தோம். அண்ணாவியாரின் இடக்கைச் சத்தம் 110 ஐ ஒட்டி. நாங்கள் கதிரை போட்ட இடத்தில் அறை அதைத் தூக்கித் தூக்கிக் காட்டியிருக்கு. நாங்கள் அறையின் பிழையை மத்தளத்தில் வெட்டியிருக்கிறோம். முதல் தரமும் அதுதான், இரண்டாம் தரமும் அதுதான். ஸ்பீக்கர் மாறினது, கதிரை மாறவில்லை.

பிறகு செய்ததெல்லாம் காசில்லாத வேலை. முன் சுவரிலிருந்து ஏறக்குறைய நாலடியில் தலை வாற மாதிரிக் கதிரையை நகர்த்தினோம். நீளத்தை நூறாக எடுத்தால் முப்பத்தெட்டில் இருக்கச் சொல்லி ஒலிக்காரர் சொல்லுவினம், அது தொடங்க நல்ல இடம். இரண்டு ஸ்பீக்கரும் எங்கட தலையும் சம முக்கோணமாக வாற மாதிரி வைச்சோம். ட்வீட்டர் காது மட்டத்துக்கு வரவேணும். அதுக்கு மேசையை விட்டு இறக்கி, சீமெந்துக் கல்லை அடுக்கி அதுக்கு மேலே, இடையில் பழைய சைக்கிள் டியூப் வெட்டி வைச்சு நிப்பாட்டினோம். முந்தி சுவரில் ஒட்டியிருந்த முட்டை மட்டைகளைக் கழட்டினோம். அது கீழ் சத்தத்துக்கு ஒண்டும் செய்யாது. நெருப்புப் பிடிச்சால் முதலில் எரியிறதும் அதுதான். கை தட்டினால் வந்த 'டிங்' எண்ட எதிரொலிக்கு, பக்கச் சுவரில் பழைய தும்பு மெத்தை இரண்டைச் சாத்தினோம். எதிரொலி போயிட்டுது. பேஸ் அவ்வளவாக மாறவில்லை.

அந்த நேரம்தான் அறுவடை முடிந்து அம்மா வந்து, "விறாந்தையில நெல்லு நனையுது, மூட்டையை உள்ள வைக்கோணும்" எண்டார். நாங்கள் வாய் திறக்க முன்னம் பின் மூலை இரண்டிலும் மூட்டை ஏறிட்டுது. அண்டு இரவு பாட்டைப் போட்டால், வீக்கம் முழுக்கப் போகாட்டியும் அடங்கியிருக்கு. வெளிநாட்டில் 'பேஸ் ட்ராப்' எண்டு காசுக்கு விக்கிற சாமானின் வேலையில் கொஞ்சத்தை எங்கட நெல்லு செய்யுது. நெல்லுக் குத்தக் குத்த மூட்டை குறையும், அறையின் சத்தமும் மாறும். ஆகவே மாசத்துக்கு ஒருக்கா அறையைத் திரும்பப் படிக்கிறோம்.

சத்தத்தின் அளவையும் பழகினோம். கூட வைச்சால் பேஸ் கூடினது போலவும், குறைச்சு வைச்சால் இல்லாதது போலவும் காதுக்குப் படும். பிளெச்சர், மன்சன் எண்ட இரண்டு பேர் 1933 இலேயே இதை அளந்து காட்டியிருக்கினம். ஆகவே குமிழில் ஒரு கோடு கீறினோம், பக்கத்தில் இருக்கிறவரோடு சாதாரணமாகக் கதைக்கக் கூடிய அளவுக்கு. பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான். பக்கத்து வீட்டு மாமியும் இப்ப மதிலுக்கு மேலால் எட்டிப் பார்க்கிறதில்லை.

மூன்றாம் தரம் மிக்ஸ் பண்ணேக்க இன்னொண்டு விளங்கினது. கூம்பு ஸ்பீக்கரும் போனும் 110 ஹேர்ட்ஸைக் கொண்டுபோகாது, நாங்கள் எவ்வளவு தூக்கினாலும். ஆனால் விரல் தோலில் படுற அந்தச் சடக்கெண்ட சத்தம் மேலே, ஆயிரம் ஹேர்ட்ஸுக்கு அங்காலே இருக்கு. அதை எல்லா ஸ்பீக்கரும் கொண்டுபோகும். இவ்வளவு காலமும் 'தொம்'மோடு மாரடிச்ச நாங்கள், கையைக் கவனிக்கவே இல்லை. வெட்டின 'தொம்'மைத் திருப்பிக் கொடுத்தோம். சல்லரியைக் கொஞ்சம் பின்னால் தள்ளினோம். விரலை முன்னால் கொண்டுவந்தோம். புது ஸ்பீக்கர் இல்லாட்டி அந்த விரலைப் பிரிச்சுக் கேட்டிருக்க மாட்டோம். அந்தளவுக்கு அந்தக் காசு வீண் இல்லை.

அண்ணாவியாரை அறைக்குக் கூட்டிவர ஏலாது, முழங்கால். போனைக் கொண்டுபோனோம். 150,000 ரூபா ஸ்பீக்கரில் செய்ததைக் கடைசியில் அவர் கேட்டது உள்ளங்கை அளவு போனில். மடியில் வைச்சுக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நல்லது கெட்டது ஒண்டும் சொல்லவில்லை. இரண்டாவது பாட்டு நடுவில் வலக்கை விரல் நாலும் கதிரைக் கையில் அடிக்கத் தொடங்கினது. ஒரு இடத்தில் நிப்பாட்டச் சொன்னார்.

"இந்த இடத்தில தாளம் பிந்திட்டன் மனே. மறுகா ஒருக்கா அடிப்பம், வந்து பதியுங்க."

முந்தின மிக்ஸில் அந்தப் பிழை யாருக்கும் கேட்டிருக்காது. இப்ப கேட்குது. வாற சனிக்கிழமை போறோம், மத்தளத்துக்கு மட்டும் ஒரு மைக் கூட எடுத்துக்கொண்டு.

நீங்களும் ஒரு அறை தொடங்கப் போறீங்களெண்டால் கடைக்குப் போக முன்னம் ஒரு நாள் செலவழியுங்க. நல்லாத் தெரிஞ்ச ஒரு பாட்டை வீட்டில் இருக்கிற எதிலயாவது போட்டுவிட்டு அறை முழுக்க நடந்து பாருங்க. எந்த மூலையில் என்ன காணாமல் போகுது எண்டு கேளுங்க. அதுக்குச் சீட்டுப் பிடிக்கத் தேவையில்லை.